சும்மா விட்டு வந்தவர்

குழுவின் ஏழாம் விதி இது: "உயிரிழப்பு நேர்ந்த எந்த விபத்தைப் பற்றியும், இறந்தவரின் குடும்பத்தார் எழுத்தில் சம்மதம் தராமல், யாரும் எதுவும் பதியக்கூடாது. சம்மதம் கிடைத்தாலும் நிர்வாகிகள் மூவரும் ஒப்புக்கொண்ட பிறகே பதியலாம்."

ஊவா மாகாணத்து மோட்டார் சைக்கிள்காரர்கள் தங்கள் போன்களுக்குள் நடத்திக்கொள்ளும் குழு அது. விதியை எழுதியவர் யார் என்று தெரியாது. நன்றாகவே எழுதியிருக்கிறார். பதுளை அரசாங்கக் கச்சேரியில் முப்பத்து நான்கு வருடம் விதிகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். இதைவிட மோசமான தமிழில் வந்த சுற்றறிக்கைகளை எல்லாம் அமுல்படுத்தியிருக்கிறேன். இந்த விதியில் எனக்குத் தெரிந்த குறை ஒன்றுதான். தேவைப்பட்ட நாளில் தூங்கிக்கொண்டிருந்தது. பிறகு விழித்துக்கொண்டு, எழும்பியது தெரியட்டும் என்பதற்காக என்னைப் பிடித்தது.

சித்திரைப் புத்தாண்டு கழிந்த அடுத்த வாரம், அப்புத்தளையிலிருந்து ஹல்துமுல்லைப் பக்கம் இறங்கும் பாதையில், ஒரு வளைவில், மோட்டார் சைக்கிளோடு ஒருவர் பள்ளத்தில் விழுந்து இறந்துபோனார். வயது முப்பத்தொன்று. அப்புத்தளையில் இரும்புச் சாமான் கடையொன்றில் வேலை. வீடு ஹல்துமுல்லைக்குக் கிட்ட ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், பெருந்தெருவுக்கு நேர் கீழே. பின்னேரம் வேலை முடிந்து வீட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தார். கண்ணால் கண்டவர் ஒருவர் மட்டும்: அந்த வளைவில் சோளம் அவித்து விற்கும் பெண்.

ஓய்வு பெற்ற பிறகு நான் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, விவாகரத்து, எது வந்தாலும் தமிழிலிருந்து சிங்களத்துக்கும் சிங்களத்திலிருந்து தமிழுக்கும் தூக்கிப் போடுவேன். அந்த மரண விசாரணைக்கும் கூப்பிட்டார்கள். சோளக்காரப் பெண்ணுக்குச் சிங்களத்தில் வியாபாரம் செய்யத் தெரியும், சாட்சி சொல்லத் தெரியாது. ஆகவே தமிழில் சொன்னார்.

"எறக்கத்துல சும்மா விட்டுத்தான் வந்தாருங்க. சத்தமே இல்ல. நான் திரும்பிப் பாக்குறதுக்குள்ள போயிட்டாரு."

சொல்லும்போது இரண்டு கைகளையும் தூக்கி உள்ளங்கைகளை விரித்துக் காட்டினார். நான் அந்தக் கைகளைப் பார்த்தேன். "இரண்டு கைகளையும் கைபிடியிலிருந்து விட்டபடி வந்தார்" என்று நல்ல சிங்களத்தில் எழுதினேன். "சத்தமே இல்ல" என்பதை விட்டுவிட்டேன். விழுந்தவர் கத்தவில்லை என்கிறார், அது விசாரணைக்குத் தேவையில்லை என்று தீர்மானித்துக்கொண்டேன். எழுதியதைச் சாட்சிக்கு அவருடைய மொழியில் திருப்பிச் சொல்லிக் காட்ட வேண்டும் என்பது முறை. அதையும் செய்தேன்.

"சும்மா விட்டு வந்தாரு. அப்படித்தானே?"

"ஆமாங்க."

கையெழுத்து வைத்தார். முறை எதுவும் தவறவில்லை. பிழை மட்டும் முழுசாக உள்ளே போய்விட்டது.

அந்தப் பக்கத்தை யாரோ போனில் படம் எடுத்திருக்கிறார்கள். யார் என்று கடைசிவரை தெரியவில்லை. மறுநாளே அது குழுவில் இருந்தது. ஏழாம் விதி பாய்ந்திருக்க வேண்டிய இடம் அதுதான். பாயவில்லை. ஒரு மாதம் அந்தப் படம் அங்கேயே கிடந்தது.

பிற்பாடு அதன் கீழே எழுதப்பட்டதை எல்லாம் வாசித்தேன். முதலில் மெழுகுவர்த்திகளும் கூப்பிய கைகளும். பிறகு ஒருவர், "கைய விட்டு ஓட்டுறது ஹீரோ வேலை. ரோட்டுல காட்டுனா இப்படித்தான்" என்று தொடங்கினார். "செத்த மனுசனப் பத்தி இப்படிப் பேசலாமா மச்சான்? வீட்டு ஆளுங்க பாப்பாங்க" என்றார் அடுத்தவர். "பேசலன்னா மத்தவன் எப்புடிப் படிப்பான்?" என்றார் மூன்றாமவர். "நீ படிச்சுக் கிழிச்சது போதும்" என்றார் நான்காமவர். அதற்குச் சிரிப்பு முகங்கள் வரிசையாக விழுந்தன. பேசலாமா கூடாதா என்ற வாதம் தமிழிலும் சிங்களத்திலும், ஆங்கில எழுத்தில் அடித்த தமிழிலும் நீண்டுகொண்டே போனது. இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே காகிதத்தை வைத்துக்கொண்டுதான் வாதாடினார்கள். சோளக்காரப் பெண்ணை யாரும் போய்க் கேட்கவில்லை.

எனக்கு இது எதுவுமே தெரியாது. இறந்தவரின் மனைவி பதுளைக்கு பஸ் ஏறி வந்து என் வீட்டுக் கதவைத் தட்டும்வரை.

தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். அன்று வேலைக்குப் போகவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். உட்காராமல் போனை நீட்டினார்.

"சார், இது நீங்க எழுதுனதுதானே?"

என் கையெழுத்தும் முத்திரையும் படத்தில் நன்றாகத் தெரிந்தன. "ஆமாம்மா, நான்தான்."

"எங்க வீட்டுக்காரர் கைய விட்டு ஓட்டுனாருன்னு யாரு சொன்னது?"

"சாட்சி சொன்னதம்மா. நான் மொழிபெயர்த்தது மட்டும்தான்."

"அந்த அக்காகிட்ட நான் போய்க் கேட்டேன் சார். சும்மா விட்டு வந்தாருன்னுதான் சொன்னேங்குறாங்க."

"அதைத்தானே எழுதியிருக்கிறேன்?"

அவர் நீட்டிய போனை இறக்கினார். பிறகு சிரித்துவிட்டார். கணவர் போய் மூன்று வாரம்கூட ஆகாத பெண் சிரித்ததைப் பார்த்து எனக்குப் பயமாக இருந்தது.

"சார் பைக் ஓட்டுறதில்லையா?"

"பஸ்சில்தான் போவேன்."

"அதான். சும்மா விடுறதுன்னா கைய விடுறதில்ல சார். இஞ்சின ஆஃப் பண்ணிட்டு நியூட்ரல்ல எறங்குறது. பெட்ரோலுக்கு வரிசையில நின்னோமே, அப்ப எல்லாரும் பழகிக்கிட்டாங்க. இப்ப பெட்ரோல் கெடைக்குது. பழக்கம் போகல. அப்புத்தளையில சாவிய மூடுனா எங்க லயம் வரைக்கும் சும்மாவே வந்துரலாம். சத்தமே இருக்காது."

சத்தமே இருக்காது. நான் தேவையில்லை என்று ஒதுக்கிய வார்த்தை என் முன்னறையில் திரும்பி வந்து நின்றது.

இஞ்சின் ஓடினால் கியர் பாதி வேலையைச் செய்யும், பிரேக்குக்கு ஓய்வு கிடைக்கும் என்று அவர்தான் எனக்கு விளக்கினார். சும்மா விட்டால் முழுப் பாரமும் பிரேக்கில் விழும். அத்தனை வளைவுக்கும் பிரேக்கையே பிடித்துக்கொண்டு வந்தால் அது சூடாகி, ஒரு இடத்தில் பிடிக்காமல் போகும். சாவியை மூடிவிட்டதால் ஹோர்னும் அடிக்காது. பிரேக் பிடிக்கவில்லை என்று அவர் கணவர் ஏற்கெனவே இரண்டு முறை சொல்லியிருக்கிறார். இரண்டு முறையும் வீடு வந்து சேர்ந்த பிறகு, சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்க அம்மா" என்றேன். முப்பத்து நான்கு வருடத்தில் எழுத்தில் நிறைய வருத்தம் தெரிவித்திருக்கிறேன். வாயால் சொல்வது வேறு மாதிரி இருந்தது.

"மன்னிப்ப வச்சு நான் என்ன சார் செய்யிறது? என் தம்பி அந்த ரோட்டுலதான் தெனமும் சும்மா விட்டு வாரான்."

அவர் வந்தது கணவருக்காக என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வந்தது தம்பிக்காக. இருபத்து நான்கு வயது. அப்புத்தளையில் ஒரு கராஜில் வேலை. அக்கா எவ்வளவு சொல்லியும் அவன் கேட்கவில்லை. அவனிடம் என் முத்திரை விழுந்த படம் இருந்தது. மச்சான் கையை விட்டதால் செத்தார். அவன் கையை விடுவதில்லை. ஆகவே அவனுக்கு ஒன்றும் ஆகாது.

திருத்தம் என்றால் அது என் துறை. சத்தியக்கடதாசி தயாரித்தேன், சாட்சியிடம் மறுபடி கையெழுத்து வாங்கினேன், இணைப்புகளுக்கு இலக்கமிட்டு விசாரணை அதிகாரிக்கு அனுப்பினேன். பதினொரு நாளில் திருத்தம் ஏற்கப்பட்டது. அரசாங்கக் காகிதம் பதினொரு நாளில் திரும்பி வந்ததைப் பார்த்து, போன இடம் சரிதானா என்று முகவரியைத் திருப்பிப் பார்த்துக்கொண்டேன்.

ஆனால் தம்பி விசாரணைக் காகிதங்களை வாசிப்பவன் அல்ல. குழுவை வாசிப்பவன்.

குழுவில் சேர விண்ணப்பித்தேன். மூன்று கேள்விகள். எந்த மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறீர்கள் என்பது முதல் கேள்வி. "எதுவும் இல்லை. பஸ்" என்று உண்மையை எழுதினேன். நிராகரிக்கப்பட்டது. அந்தப் பெண்ணிடம் போனில் சொன்னேன்.

"எங்க வீட்டுக்காரர் பைக்கைப் போடுங்க சார். பொலிஸ்லதானே கெடக்கு. யாரு வந்து பாக்கப்போறா?"

வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு விண்ணப்பத்தில் பொய் எழுதினேன். உடனே சேர்த்துக்கொண்டார்கள்.

அந்தப் படத்துக்குக் கீழேயே, என் பெயரில், மொழிபெயர்ப்பு பிழை என்றும் பிழை என்னுடையது என்றும் எழுதினேன். சும்மா விடுவது என்றால் என்ன என்று எழுதினேன். அவர்களுக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியாமல் இருந்தது என்பதையும் சேர்த்தேன். நாற்பது நிமிடத்தில் அறிவித்தல் வந்தது: "ஏழாம் விதியை மீறியதால் உங்கள் பதிவு நீக்கப்பட்டது." என் திருத்தத்தோடு அந்தப் படமும் வாதமும் எல்லாமே போயின. பிழை ஒரு மாதம் நடமாடியது. திருத்தம் நாற்பது நிமிடம். அதற்குள் பிழையைப் பலரும் தங்கள் போனில் பத்திரப்படுத்தியிருந்தார்கள். திருத்தத்தை யாரும் பத்திரப்படுத்தவில்லை.

விதி சம்மதக் கடிதம் கேட்கிறது. அதை வாங்க ஒரு சனிக்கிழமை பதுளையிலிருந்து பஸ் ஏறி, பண்டாரவளை, அப்புத்தளை தாண்டி, அந்தத் தோட்டத்துக்கு முன்னால் இறங்கினேன். பெருந்தெருவிலிருந்து படிகள் நேரே லயத்துக்கு இறங்குகின்றன. வாசலில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் துடைத்துப் போட்டார். தேத்தண்ணீர் தந்தார்.

கடிதத்தை நான் சொல்லச் சொல்ல அவர் எழுதுவதாக ஏற்பாடு. "மேற்படி விபத்து தொடர்பில், காலஞ்சென்ற எனது கணவரின் சட்டபூர்வ மனைவியாகிய நான்" என்று தொடங்கினேன். பாதியில் பேனாவை வைத்துவிட்டார்.

"இதுல அவரு எங்க சார் இருக்காரு?"

வேறு தாளை எடுத்து அவரே எழுதினார். மூன்று வரி. "என் வீட்டுக்காரர் இஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். கையை விடவில்லை. இதை எல்லோருக்கும் சொல்லுங்கள்." கீழே கையெழுத்து. எழுத்து அழகாக இருந்தது. திருத்த ஒன்றும் இருக்கவில்லை.

அவர் தாளை மடித்துக்கொண்டிருந்தபோது, படிகளுக்குப் பக்கத்துச் சரிவில் ஏதோ டிக்டிக் என்று வந்தது. திரும்பினேன். மோட்டார் சைக்கிள் ஒன்று வாசலில் நின்றது. வந்ததே தெரியவில்லை. சங்கிலி ஓடும் சத்தம் மட்டும்தான். தம்பிக்கு அன்று கராஜில் அரை நாள் வேலை.

"இதான் சார்" என்றார் அவர் என்னிடம். "சத்தம் இல்லாம இவன் வாசல்ல வந்து நிக்கிறப்ப எல்லாம் ஆளு முழுசா இருக்கானான்னு பாக்குறேன்." பிறகு தம்பியிடம், "சும்மா விட்டுத்தானேடா வந்த?"

"ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டுத்தான் வந்தேன் அக்கா."

"புடிச்சா போதுமா? நிக்க வேணாமா?"

"நின்னுருச்சே. பாரு." பைக்கைத் தட்டிக் காட்டினான்.

நான் என் பிழையை அவனுக்கு விளக்கினேன். சாட்சி, கைகள், சிங்களம், எல்லாம். மரியாதையாகக் கேட்டான்.

"அங்கிள், கோவிச்சுக்காதீங்க. நீங்க பஸ்ல போறவரு."

"அதனாலதானப்பா பிழை விட்டேன்."

"அக்கா சொல்லி நீங்க பேசுறீங்க. குரூப்புல அத்தன பேரு ஓட்டுறவங்க இருக்காங்க. ஒருத்தரும் அப்படிச் சொல்லலியே? குரூப்புல போடட்டும், அன்னிக்கே நிறுத்துறேன். சத்தியமா."

அக்கா அந்தச் சத்தியத்தைப் பிடித்துக்கொண்டார். படிகளில் என்னோடு பெருந்தெரு வரை ஏறி வந்தார். "சார், எப்படியாச்சும் போட வச்சிருங்க" என்றார். பஸ்சுக்குக் காத்து நின்றோம். நாங்கள் நின்ற நேரத்துக்குள் மேலேயிருந்து சில பைக்குகள் இறங்கின. சிலது இரைச்சலோடு. சிலது எங்களைத் தாண்டிய பிறகுதான் தெரிந்தன.

கடிதத்தைப் படமெடுத்து நிர்வாகிகள் மூவருக்கும் அனுப்பினேன். மூவரும் பார்த்துவிட்டதாகப் போன் காட்டியது. பதில் இல்லை. இரண்டு வாரம் பொறுத்து முதலாம் நினைவூட்டல். அதன் பிறகு இரண்டாம் நினைவூட்டல், முன்னைய கடிதங்களின் திகதிகளோடு. பதிலில்லாத கடிதங்களோடு பழகியவன்தான் நான். கச்சேரியில் மேசையின் இந்தப் பக்கமிருந்து எத்தனையோ பேரைக் காக்க வைத்திருக்கிறேன். "பரிசீலனையில் உள்ளது" என்ற வார்த்தைகளை எத்தனை தாளில் எழுதினேன் என்று இப்போது நினைத்தால் களைப்பாக இருக்கிறது. அந்த இரண்டு வார்த்தைகளைக்கூட இந்தப் பிள்ளைகள் எனக்கு எழுதவில்லை.

அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை. குழுவுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இன்னொரு ஊரில் இன்னொருவர் இறந்திருந்தார். இந்தமுறை ஏழாம் விதி உடனே பாய்ந்தது, ஒரு வார்த்தை வரவில்லை. மெழுகுவர்த்திகூட இல்லை. ஒரு வீட்டாரை நோகடித்துவிட்டோம் என்று அவர்களுக்கு உறைத்திருந்தது. அதனால்தான் வாயை மூடிக்கொண்டார்கள். அந்த வீட்டார் பேசச் சொல்லிக் கெஞ்சுகிறார்கள் என்பது மட்டும் மூன்று போன்களுக்குள் கிடந்தது. இறந்தவர்களைப் பற்றிப் பேசலாமா என்று யாராவது என்னைக் கேட்டால், கண்டவரிடம் முதலில் போய்க் கேளுங்கள் என்பேன். போகப் பஞ்சி, சோம்பல் என்றால் பேசாமல் இருங்கள் என்பேன். யாரும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் தம்பி விழுந்தான். அதே பாதை, வேறு வளைவு. மழை விட்ட நேரம். பிரேக் பிடிக்கவில்லை. பள்ளத்தின் பக்கம் போகாமல் மலைப்பக்கம் திருப்பி, தண்ணீர் ஓடும் கானுக்குள் விட்டிருக்கிறான். கால் எலும்பும் தோள் எலும்பும் உடைந்தன. பதுளைக்குக் கொண்டுவந்தார்கள். ஆஸ்பத்திரி என் வீட்டிலிருந்து நடக்கும் தூரம். வாழைப்பழமும் சோடாவும் வாங்கிக்கொண்டு பார்வையாளர் நேரத்துக்குப் போனேன்.

அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். அழுது முடித்திருந்தார்.

"சும்மா விட்டியாடா?"

"ஆமாக்கா."

"கை?"

"ரெண்டும் புடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்." கூரையைப் பார்த்தபடி சொன்னான். "புடிக்கப் புடிக்கப் போகுதுக்கா. ஒண்ணுமே இல்லாத மாதிரி போகுது." பிறகு மெதுவாக, "மச்சானுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்."

அக்கா சோடாப் போத்தலைத் திறந்து அவன் வாயில் வைத்தார்.

நல்ல கை ஒன்று இருந்தது. அந்தக் கையால் கட்டிலில் கிடந்தபடியே குழுவில் எழுதினான். சும்மா விட்டு வந்ததையும், பிரேக் போனதையும், பிளாஸ்டர் போட்ட காலின் படத்தையும் போட்டான். கடைசி வரி: "எங்க மச்சானும் இப்படித்தான் வந்தார். கைய விடல."

அவன் சாகவில்லை, ஆகவே ஏழாம் விதி பொருந்தாது. பதிவு அந்தக் கணமே ஏறியது. நான் மூன்று மாதம் தட்டிய கதவு, உயிரோடிருப்பவனுக்குப் பூட்டே இல்லாமல் கிடந்தது. கீழே கேலி குவிந்தது. "கராஜ்காரனுக்கே பிரேக் இல்லையா?" "அடுத்த தரம் பாராசூட் கட்டு மச்சான்." அவற்றுக்கு நடுவில் ஒருவர், "நானும் சும்மாதான் விடுறன்" என்று எழுதினார். அவருக்குக் கீழே இன்னொருவர். அவருக்குக் கீழே இன்னும் சிலர்.

மறுநாள் பார்த்தபோது கடைசி வரியைக் காணவில்லை. நிர்வாகி யாரோ அந்த வரி மட்டும் ஏழாம் விதிக்குள் வருகிறது என்று சொல்லி, எடுத்துவிடச் செய்திருக்கிறார். விதியை வாசித்தால் அவர் செய்தது சரி. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்று தோன்றியபோது அன்றைய நாள் முழுக்கக் கசந்தது.

அவன் வீட்டுக்குப் போன பிறகு அந்தப் பெண்ணுக்குப் போன் எடுத்தேன். தம்பி நிறுத்திவிட்டானே, இனி அந்த விண்ணப்பத்தை மூடிவிடட்டுமா என்று கேட்டேன். உள்ளுக்குள் எனக்கு மூடினால் போதும் என்று இருந்தது.

"அவன் நிறுத்திட்டான் சார். இப்ப ஏறுறதுக்கு பைக்கும் இல்ல, காலும் இல்ல." என்றார். "பொழுதுபட எங்க வாசல்ல வந்து ஒக்காந்து பாருங்க. எத்தன பேரு சத்தமில்லாம எறங்குறாங்கன்னு தெரியும். மூணு வரிதானே சார். ஒரு எடத்துலயாச்சும் இருக்கட்டும்."

மூன்றாம் நினைவூட்டலை அனுப்பினேன். இந்தமுறை முன்னைய கடிதங்களின் திகதி, இலக்கம் எதுவும் போடவில்லை. அவர் எழுதிய மூன்று வரியை மட்டும் திருப்பி அனுப்பினேன்.

தம்பியின் காலில் பிளாஸ்டர் வெட்டிய வாரத்தில் நிர்வாகி ஒருவரிடமிருந்து பதில் வந்தது. "ஓகே அங்கிள். மூணு பேரும் சரி சொல்லியாச்சு. போடுங்க. லேட்டானதுக்கு சொறி." மூன்று வரியையும் அந்தப் பெண் எழுதியபடியே போட்டேன். பிறகு அவருடைய கடிதத்தை எடுத்து, கச்சேரிப் பழக்கத்தில், ஓரத்தில் பென்சிலால் குறித்தேன்: பதில் கிடைத்தது, ஒக்டோபர் இருபத்தொன்று.